ஹெட்டைக் கழற்றும் முன் டைமிங் பிடித்த பட்டறை: ஒரு மாருதி 800 உரிமையாளரின் மதிப்புரை

கோவை ரத்தினபுரியில், மூன்று கார்களுக்கு மேல் நிறுத்த இடமில்லாத ஒரு சிறிய பட்டறையில், என்னுடைய 1998ஆம் ஆண்டு மாருதி 800 காரின் சிலிண்டர் ஹெட் வேலையை, அதாவது இன்ஜினின் மேல்பகுதியைக் கழற்றி, அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் இடையிலான கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டை மாற்றும் வேலையைச் சென்ற மாதம் செய்துகொண்டேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை எவ்வளவு கவலை தரும் என்பது எனக்குத் தெரியும் என்பதால், அங்கே பார்த்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

இதே வேலையை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் செய்திருந்தேன். அன்று வண்டியை எடுத்து வந்த நாளிலிருந்தே பிக்கப் இல்லை. மருதமலை ஏற்றத்தில் இரண்டாவது கியரிலும் திணறியது; ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் கார்புரேட்டர் வழியாகப் படபடவென்று வெடித்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி வைத்து, "டைமிங் சரி பண்ணியாச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். ஐட்லிங் கொஞ்சம் சீரானது, இழுவை திரும்பவில்லை. பிறகு ரேடியேட்டரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. ஆயில் மூடியின் உட்புறம், ஆயிலில் தண்ணீர் கலந்ததற்கு அடையாளமாக, பால் கலந்த காப்பி நிறத்தில் படிந்தது. கேஸ்கெட் மறுபடியும் போய்விட்டது என்பது உறுதியான பிறகே இந்தப் பட்டறைக்குப் போனேன்.

இங்குள்ள மெக்கானிக் அண்ணன் ஹெட் போல்ட்டுகளின் பக்கமே முதலில் போகவில்லை. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, மூன்று பிளக்குகளையும் கழற்றி, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றினார். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் என் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சுற்றில் விரலைத் தள்ளிக்கொண்டு காற்று சீறியது. "இதுதாங்க கம்ப்ரஷன். முதல்ல இன்ஜின் எங்க நிக்குதுன்னு தெரியோணுங்க, அப்புறந்தான் ஸ்பேனரு" என்றார்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போதுதான், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு முறை சுற்றும். ஆகவே முதல் பிஸ்டன் ஒரு முழுச் சுழற்சியில் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது: ஒரு முறை காற்றையும் பெட்ரோலையும் அழுத்திக்கொண்டு, இன்னொரு முறை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு. கிராங்க் புல்லியில் உள்ள குறியை மட்டும் பார்த்தால் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அதனால்தான் விரலை வைத்துப் பார்த்த பிறகும் அவர் நிற்காமல், வால்வு மூடியைத் திறந்து முதல் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் இரு ராக்கர்களும் லேசாக ஆடுகின்றனவா (ஆடினால் வால்வுகள் மூடியிருக்கின்றன) என்று பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து, உள்ளே சுழலும் ரோட்டர் முதல் பிளக் வயரின் முனையைப் பார்த்து நிற்பதையும் காட்டினார். மூன்றும் ஒத்துப்போன பிறகே, இரண்டு ஷாஃப்டுகளையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டின் கவரைத் திறந்தார்.

முன்பு நடந்த தவறு அங்கேதான் வெளிப்பட்டது. பிஸ்டன் உச்சியில் நிற்க, கேம் புல்லியின் குறி அது நிற்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு பல் தள்ளி இருந்தது. ஒரு பல் என்பது கேட்கச் சிறியதுதான். ஆனால் கிராங்க்ஷாஃப்ட் கணக்கில் அது பத்து டிகிரிக்கும் மேல். வால்வுகள் திறந்து மூடும் நேரம் அவ்வளவு தவறியிருக்க, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஸ்பார்க் விழும் நேரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வால்வு டைமிங்கும் இக்னிஷன் டைமிங்கும் வெவ்வேறு என்பதையும், ஒன்றின் பிழையை மற்றொன்றால் ஈடுகட்ட முடியாது என்பதையும் இரண்டு ஆண்டு அவதிக்குப் பிறகு நான் புரிந்துகொண்டேன்.

பழைய மெக்கானிக்குகள் சிலர் இதைப் பொருட்படுத்தாததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினிலும் பிரீமியர் பத்மினியிலும் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருந்தது. கேமின் அசைவை மேலே ராக்கர்களுக்குக் கொண்டுபோகும் புஷ் ராடுகளை உருவிவிட்டு ஹெட்டைத் தூக்கினால் டைமிங் செயின் தன் இடத்திலேயே இருக்கும். 796 சிசி மாருதி இன்ஜினில் கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே உட்கார்ந்திருப்பதால், பெல்ட்டைக் கழற்றாமல் ஹெட் வராது. கழற்றிய நொடியில் இரண்டு ஷாஃப்டுகளுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோகிறது. அதன்பின் யார் எதைத் திருப்பினாலும் குறிகள் மட்டுமே சாட்சி.

அவர் குறியைச் சரியாக்கி, இரண்டு புல்லிகளிலும் அவற்றுக்கு எதிரே உள்ள நிலையான பாகங்களிலும் வெள்ளைப் பெயின்ட்டால் சிறு புள்ளிகள் வைத்தார். பழைய பெல்ட்டிலும் அதே இடங்களில் புள்ளி வைத்து, கழற்றிய பின் புதிய பெல்ட்டை அதன் பக்கத்தில் கிடத்தி, பற்களை வாய்விட்டு எண்ணி, புள்ளிகளைப் புதியதற்கு மாற்றினார். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். ஹெட்டைத் தூக்கியபோது முதல் பிஸ்டன் பிளாக்கின் மேல்தளத்தோடு ஒட்டி நிற்க, மற்ற இரண்டும் ஒரே ஆழத்தில் கீழே இருந்தன. 120 டிகிரி இடைவெளியில் அமைந்த மூன்று சிலிண்டர் கிராங்க்கில் அப்படித்தான் இருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது.

நேர்கோல் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் சோதித்ததில் ஹெட்டின் நடுப்பகுதி வளைந்திருந்தது. முந்தைய இடத்தில் இதைப் பார்க்காமலேயே புதிய கேஸ்கெட்டை வைத்திருக்க வேண்டும். லேத்துக்கு அனுப்பி, தளத்தைச் சமமாக்கும் ஃபேசிங் செய்து வாங்கினார்கள். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், மூன்று கட்டங்களாக இறுக்கினார். பெல்ட்டைப் போட்டபின் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகள் மீண்டும் அதே இடத்துக்கு வருவதைப் பார்த்து, வால்வுக்கும் ராக்கருக்கும் இடையிலான டப்பட் இடைவெளியை வைத்து, ஸ்டார்ட் செய்து, கடைசியில் ஸ்பார்க் விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டினார்.

குறைகளும் உண்டு. இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன வண்டி ஐந்தாம் நாள்தான் கிடைத்தது. லேத்தில் தாமதம் என்பதை நானே போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பில்லைத் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையாக எழுதித் தந்தார். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று நான் கேட்ட பிறகே பிரித்து எழுதினார். உட்காரவும் இடமில்லை. ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள். கழற்றிய கேஸ்கெட்டையும் பெல்ட்டையும் கேட்காமலேயே டிக்கியில் வைத்துக் கொடுத்தார்கள்.

வண்டி இப்போது 900 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தண்ணீர் குறையவில்லை, ஆயில் சுத்தமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரோடு மருதமலைக்குப் போனோம். வழக்கமாகத் திணறும் அந்த வளைவில் கியரைக் குறைக்க வேண்டியிருக்கவில்லை.