வாசிகசாலைக்கு எந்தக் கணினி: ராஸ்பெரி பையா, பாவித்த டெஸ்க்டொப்பா, லப்டொப்பா?

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சனம் சேர்த்து அனுப்பிய காசில், மல்லாவிப் பக்கம் உள்ள எங்கள் சனசமூக நிலையத்துக்குக் கணினி வாங்க வேண்டும் என்றபோது நிர்வாகக் கூட்டத்தில் மூன்று கருத்து வந்தது. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாவித்துப் பார்த்தோம். விலையை விட, கரண்ட் போனால் என்ன ஆகும், பழுதானால் யார் திருத்துவது என்பதைத்தான் வன்னியில் முதலில் கேட்க வேண்டும்.

ராஸ்பெரி பை என்ற மலிவான சின்னக் கணினி ஆசையைத் தூண்டும் சாமான். விசைப்பலகைக்குள்ளேயே கணினி இருக்கும் பை 400, 2020 இல் 70 டொலருக்கு வெளிவந்தது. அதன் அடப்டர் 15 வாட்தான். விசிறி இல்லாததால் செம்மண் தூசியையும் உள்ளே இழுக்காது. ஆனால் மொனிட்டர், மவுஸ், மைக்ரோ எச்டிஎம்ஐ வயர் எல்லாம் வேறு செலவு. நன்கொடையாக வந்த மொனிட்டரில் விஜிஏ என்ற பழைய இணைப்பு மட்டும் இருந்தால் அதற்கும் ஒரு கன்வேர்ட்டர் வேண்டும்.

பெரிய சிக்கல் மெமரி கார்ட். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் பையில் எல்லாம் இருப்பது அதில்தான். அதில் ஏதாவது பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருப்பது குழம்பிவிடலாம். ஒரு மாரிகால மாலையில் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. ஸ்கிராட்ச் என்ற சிறுவர் நிரலாக்க மென்பொருளில் ஒரு பிள்ளை இரண்டு கிழமையாகச் செய்த வேலை முழுக்கப் போய்விட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம்தான்.

அப்புறம் பாவித்த அலுவலகக் கணினி. டெல் ஒப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்சென்டர் போன்றவை. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் நன்றாக ஓடும் பெட்டிகளையே அலுவலகங்கள் கழிக்கின்றன. எங்களுக்கு வேண்டியது அவைதான். 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் நிரல்மொழி, சின்னவர்களுக்கு ஸ்கிராட்ச், சங்கக் கடிதத்துக்கு லிப்ரே ஒபிஸ் எல்லாம் இலவசம். செயலாளர் பாமினியில் அடித்து வைத்த பழைய கடிதங்களைத் திறக்க, அந்த எழுத்துருவை ஏற்றிவிட்டால் சரி.

கரண்ட் செலவு பையை விடக் கூடத்தான். யூபிஎஸ் இல்லாமல் வைக்கவும் கூடாது. வேலையைச் சேமித்து நிறுத்தச் சில நிமிடம் கிடைத்தாலே போதும். ஆனால் ராம் பழுதானால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறி அன்றைக்கே மாற்றிக்கொண்டு வரலாம். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: எல்லாவற்றையும் ஒரே மொடலாக வாங்குங்கள். இந்தச் சிறிய பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் அந்தந்த மொடலுக்கென்றே செய்தது. கடையில் கிடைக்காத நாளில் நின்றுபோன பெட்டியிலிருந்து கழற்றி மற்றதற்குப் போடலாம்.

பாவித்த லப்டொப்பில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாங்கள் வாங்கியதில், நல்ல பற்றரி என்று சொல்லித் தந்தது சில மாதத்திலேயே இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. முன்பள்ளிக்கும் கூட்டங்களுக்கும் கொண்டுபோக ஒன்று இருந்தால் போதும்.

எங்கள் முடிவு: நான்கு பாவித்த டெஸ்க்டொப், ஒரு லப்டொப். பையை நாங்கள் கைவிடவில்லை. இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா வாசிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளைப் போட்டு, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவை அதில் ஏற்றி, வைஃபையில் விட்டிருக்கிறோம். பிள்ளைகள் வீட்டுப் போனைக் கொண்டுவந்து டேட்டா இல்லாமலே வாசிக்கிறார்கள். அதில் யாரும் எதையும் எழுதிச் சேமிப்பதில்லை என்பதால் கரண்ட் போனாலும் பிள்ளைகளின் வேலை எதுவும் போகாது. கார்டின் பிரதி ஒன்றும் அலுமாரியில் இருக்கிறது.