60 ஜிபி கல்யாணம், 64 ஜிபி பென் டிரைவ்: ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நாலா?

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். போன ஆவணியில் மாப்பிள்ளையின் தம்பி பென் டிரைவோடு வந்தார். டிரைவின் மேல் 64 ஜிபி என்று இருந்தது. என் விண்டோஸ் கணினியில் கல்யாண ஃபோல்டர் 60 ஜிபி. தாராளமாக அடங்கும் என்று காப்பி போட்டால், இடம் போதாது என்றது.

“இன்னாண்ணா, கடைக்காரன் ஏமாத்திட்டானா?”

இல்லை. ஒரே பெயரில் இரண்டு அளவு இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஆயா காலத்தில் படி ஊருக்கு ஊர் மாறும். “பட்டணம் படியா?” என்று கேட்டுக்கொண்டுதான் அரிசிக்கு விலை பேசுவார்கள். ஜிபியும் அப்படித்தான்.

டிரைவ் செய்பவர்கள் ஆயிரக் கணக்குக்காரர்கள். ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் மூன்று முறை பெருக்குகிறது: 1,07,37,41,824 பைட். அதனால் 64 ஜிபி டிரைவ் விண்டோஸ் கண்ணுக்கு 59.6 தான். அந்த 60 ஜிபி கல்யாணமோ ஆயிரக் கணக்கில் 64.4. இரண்டில் எதை வைத்துப் பார்த்தாலும் அடங்காது.

1024 எங்கிருந்து வந்தது? நினைவகத்தின் முகவரி 0, 1 என்ற இரண்டே குறிகளால் ஆனது. பத்து இலக்கம் இருந்தால் 1024 இடங்களைச் சுட்டலாம். அதனால் ரேமுக்கு, அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகத்துக்கு, இந்தக் கணக்கு இயல்பு. 8 ஜிபி ரேம் இன்றும் 1024 கணக்கில்தான் வருகிறது. டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

யூனிட் ஏற ஏற இடைவெளி பெருகுவதுதான் வம்பு. கேபியில் 2.4 சதவீதம், எம்பியில் 4.9, ஜிபியில் 7.4, டிபியில் கிட்டத்தட்ட 10. ஒரு டிபி ஹார்டு டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவது இதனால்தான். பழைய ஃபிளாப்பி இன்னும் கூத்து: அதன் 1.44 எம்பி, 1.44-ஐ ஒரு முறை 1000-ஆலும் ஒரு முறை 1024-ஆலும் பெருக்கி வந்தது. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்களே வைத்தது: கிபிபைட், மெபிபைட், கிபிபைட். ஆமாம், முதலாவதும் மூன்றாவதும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். இந்தப் பெயரைச் சொல்லி எந்தக் கடையிலும் டிரைவ் கேட்டுவிட முடியாது. லினக்ஸ் மென்பொருள்கள் சிலவற்றில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம்.

என் ஓட்டு ஆயிரத்துக்கு. மெமரி கார்டு, எஸ்எஸ்டி, இணைய வேகம் எல்லாம் அதில்தான் விற்கிறது. மேக் 2009-லேயே மாறிவிட்டது. அதே ஃபோல்டரை அதில் திறந்தால் 64.4 என்று காட்டியிருக்கும், நானும் உஷாராகியிருப்பேன். விண்டோஸ் 1024-இல் எண்ணுவதைக் குற்றம் சொல்லமாட்டேன். எண்ணிவிட்டு ஜிபி என்று பெயர் போடுகிறதே, அங்கேதான் சிக்கல். டிரைவ் வாங்கும்போது விண்டோஸ் காட்டும் ஜிபியை 1.074-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் அனுப்புவதென்றால் இன்னொரு படி உண்டு. 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட், அதாவது பிட் கணக்கு; பிட் என்றால் ஒரே ஒரு 0 அல்லது 1. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டு பிட் ஒரு பைட். ஆக நொடிக்கு 12.5 எம்பி. முழு வேகம் கிடைத்தாலும் அந்தக் கல்யாணம் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

தம்பி மறுநாள் 128 ஜிபி டிரைவோடு வந்தார். செருகினேன், 119 என்று காட்டியது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.