கும்பகோணம் ராமானுஜன் இல்லம்: அவசியம் போய் வாருங்கள்

கும்பகோணத்துக்கு எல்லோரும் கோயில் பட்டியலோடுதான் போகிறோம். சாரங்கபாணி கோயிலுக்குப் போகிறவர்கள், அதே சன்னதித் தெருவில் இருக்கிற ஒரு ஓட்டு வீட்டுக்குள்ளும் தயவுசெய்து போய் வாருங்கள். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அது. இருபது வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற நான் போன விடுமுறையில்தான் முதல்முறையாகப் போனேன், அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு.

சின்ன வீடு. சும்மா சுற்றிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை, அதில் ஒரு கட்டில், அப்புறம் கூடம், அடுக்களை, கொல்லைப்பக்கம் கிணறு. கதை தெரிந்து போனால்தான் இந்த வீடு பேசும். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22 அன்று. கைக்குழந்தையாகக் கும்பகோணம் வந்தார். அப்பா சீனிவாச ஐயங்கார் புடவைக் கடையில் குமாஸ்தா. சம்பளம் மாதம் ஏறக்குறைய 20 ரூபாய். அது போதாமல்தான் அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடினார், கல்லூரிப் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். என் கண்ணுக்கு இது முழுக்க அந்த அம்மாளின் வீடு. ராமானுஜனுக்கு அடுத்தடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயதுகூட நிறையாமல் போய்விட்டன. அந்தத் துக்கத்தோடு அடுத்தவர் பிள்ளைகளுக்கும் சமைத்துப் போட்டிருக்கிறார். அடுக்களையில் நின்றபோது எனக்கு அதுதான் நினைவு.

அந்தக் கல்லூரிப் பையன்களிடம்தான் ராமானுஜன் கணக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பதினோரு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பிறகு அவர்கள் கொண்டுவந்து கொடுத்த, லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதிப் புத்தகத்தைப் பதின்மூன்று வயதில் கரைத்துக் குடித்தார். வீட்டில் பணம் இருந்திருந்தால் அந்தப் பையன்கள் வந்திருக்கவே மாட்டார்கள். டியூஷனுக்கு ஆயிரக்கணக்கில் கட்டும் பெற்றோர்களை தினமும் பார்க்கிறவள் என்பதால் இது என் மனதை ரொம்பவே பிசைந்தது.

திண்ணையைக் கடந்து நேராக உள்ளே போய்விடாதீர்கள். ஒரு காலை மடக்கிக்கொண்டு, மடியில் சிலேட்டை வைத்து அவர் கணக்குப் போட்ட இடம் அது. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. துணியால் துடைக்க நேரமாகும் என்று முழங்கையாலேயே அழிப்பார், முழங்கை கறுத்துப்போகும். முடிவு மட்டும் நோட்டுக்குப் போகும், வழிமுறை அழிந்துவிடும். அந்த நோட்டுகளில் இருந்தவற்றை நிரூபிக்கக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். இதைச் சொன்னதும் பையன், "சித்தி, ஸ்டெப்ஸ் எழுதலைன்னா நீங்க மார்க் குறைப்பீங்களே?" என்றான். ஆமாம், குறைக்கிறேன்தான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918-ல் அங்குள்ள புகழ்பெற்ற அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919-ல் உடல் நலிந்து ஊர் திரும்பினார், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். வயது 32.

2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இந்த வீட்டை வாங்கிப் புதுப்பித்தது. அந்த டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். வீட்டை வீடாகவே விட்டுவைத்ததற்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். 32 வயதுக்கு மேற்படாத கணித அறிஞர்களுக்கு ராமானுஜன் பெயரில் 2005 முதல் ஒரு பரிசும் கொடுத்து வருகிறார்கள்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு சிலேட்டும் பலப்பமும் எடுத்துப் போங்கள். கூட்டம் இல்லாத காலை நேரம் நல்லது. முடிந்தால் அப்படியே அவர் படித்த டவுன் ஹைஸ்கூலையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.