‘பிரிக்காத பழைய சரக்கு’ என்று விற்கப்படும் இழைப்புளி உதிரிபாகம்: நான் ஏமாந்த விதம்

பழைய இழைப்புளிக்கு உதிரிபாகம் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். போன பணத்தைவிட, தாத்தா கையால் தேய்ந்த ஒரு நல்ல பொருளை என் கையாலேயே கெடுக்கும்படி ஆகிவிட்டதே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

என்னிடம் இருப்பது ஸ்டான்லி பெய்லி 4 எண் இழைப்புளி. பிளேடைக் கழற்றினால் அதற்குப் பின்னால் உடம்பிலேயே காப்புரிமைத் தேதிகள் மூன்று வார்ப்பாக இருக்கும், கடைசித் தேதி 1910 ஏப்ரல் 19. அதாவது முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி வார்த்த உடம்பு. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் மெல்லிய தாள் போலச் சீவல் எடுத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் பிளேடைப் பிடிக்கும் மூடியை ரொம்ப இறுக்கி வைத்துவிட்டு, அதைத் தளர்த்தாமலே பின்னால் இருக்கும் பித்தளைச் சக்கரத்தைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். சக்கரத்தோடு சேர்ந்து பிளேடை ஏற்றி இறக்கும் கவை போன்ற துண்டு இருக்கிறதே, அதன் ஒரு விரல் உடைந்து கையில் வந்துவிட்டது. பழையவற்றில் இதுவும் வார்ப்பிரும்புதான், வளையாது, உடையத்தான் செய்யும். (மூடியை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு ஆழத்தை மாற்றுங்கள். இதைப் பலரும் சொல்லித் தருவதில்லை.)

கவை மட்டும் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டே போனதில், பழைய கருவி உதிரிபாகங்கள் மட்டுமே விற்கும் ஒருவர் கிடைத்தார். பிளேடு சாய்ந்து உட்காரும் வார்ப்புத் துண்டு, அதாவது ஃபிராக், கவையும் பித்தளைச் சக்கரமும் பொருத்தியது, கூடவே இரண்டு திருகுகள். ‘பிரிக்காத பழைய சரக்கு, எல்லா 4 எண்ணுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தார். படமும் அழகாக இருந்தது. அடிப்பக்கப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டேன், ‘எல்லாம் ஒரே மாதிரிதான் சார், நம்பி வாங்குங்க’ என்று பதில் வந்தது. அங்கேயே விட்டிருக்க வேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்தபோது கறுப்பு பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அடிப்பக்கம் வரைக்கும் பெயிண்ட். ஃபிராக் உடம்போடு ஒட்டி உட்காரும் முகங்கள் கடைந்தெடுத்த வெறும் இரும்பாகத்தான் இருக்கும், அங்கே பெயிண்ட் இருந்தால் யாரோ பிற்பாடு மொத்தமாக அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ‘உங்கள் பழைய திருகுகள் தேய்ந்திருக்கும், நான் அனுப்பியதையே போடுங்கள்’ என்று விற்றவர் சொன்னதால் அதையே போட்டேன். இரண்டு சுற்று உள்ளே போனது, அப்புறம் இறுகியது. கேட்டால், மரையில் பெயிண்ட் இறங்கியிருக்கும், எண்ணெய் விட்டு அழுத்தித் திருகுங்கள் என்றார். அழுத்தினேன். போனது. ஆனால் போன விதம் சரியில்லை என்று கைக்கே தெரிந்தது, நறநறவென்று மண்ணுக்குள் திருகுவது போல இருந்தது. வெளியே எடுத்தபோது திருகின் பள்ளங்களில் கரித்தூள் மாதிரி அப்பியிருந்தது. அது பெயிண்ட் இல்லை. என் இழைப்புளி உடம்பின் மரை.

வெர்னியர் வைத்துப் பார்த்தால் பழைய திருகும் புதிய திருகும் ஒரே விட்டம், சுமார் 5.5 மில்லிமீட்டர். அதனால்தான் ஏமாறுகிறோம். இந்த ஸ்டான்லி ஃபிராக் திருகு எண் 12 அளவு, அங்குலத்துக்கு 20 மரை. வந்ததோ அதே எண் 12, அங்குலத்துக்கு 24 மரை. 24 மரை சாதாரணமாகக் கிடைக்கும் அளவு, 20 மரைதான் எளிதில் கிடைக்காது. இரண்டையும் மரையோடு மரையாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒன்றே என்றால் நடுவில் வெளிச்சமே தெரியாது. என்னுடையதில் முதல் மரை பொருந்தியது, அடுத்ததிலேயே இடைவெளி விழ ஆரம்பித்தது, கால் அங்குலத்தில் பழையதில் ஐந்து, புதியதில் ஆறு. அரை நிமிட வேலை. திருகுவதற்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டியது இதுதான்.

மரையைத் துடைக்கலாம் என்று தின்னர் நனைத்த துணியை எடுத்தேன். துணி கறுத்தது, ஃபிராக்கின் வலது காலில் குறுக்காக ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. உடைந்த வார்ப்பிரும்பைப் பித்தளை ஊற்றி ஒட்டி, அரத்தால் ராவி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒட்டியது தப்பே இல்லை. ஒட்டியிருக்கிறேன் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இவர் அதைப் பிரிக்காத சரக்கு என்றார், அது பச்சைப் பொய்.

திருப்பி அனுப்பக் கேட்டதும் நடந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எல்லாருக்கும் நடக்கும். பட்டறையில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், நாளைக்குச் சொல்கிறேன் என்றார், வேறொன்று அனுப்புகிறேன் என்றார். இப்படியே திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாளும் ஓடிவிட்டது. எட்டாம் நாள், ‘நீங்கள் பொருத்திவிட்டீர்கள், பெயிண்டையும் அழித்துவிட்டீர்கள், எடுத்துக்கொள்ள முடியாது’ என்று ஒரே வரி. விற்றவரிடம் பேசிக்கொண்டிருந்தால் கெடு நின்றுவிடாது. முதல் சந்தேகம் வந்த அன்றைக்கே முறைப்படி புகாரைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஆற அமர யோசித்தால் ஃபிராக்கே எனக்குத் தேவைப்படவில்லை. கவையை ஒரு சிறு ஊசிதான் குறுக்கே பிடித்திருக்கிறது, மெல்லிய பஞ்ச் வைத்து மெதுவாகத் தட்டினால் வந்துவிடும். பக்கச்சுவர் விரிசல் விட்டு இனி இழைக்கவே உதவாது என்று வெளிப்படையாகச் சொல்லி ஒருவர் ஒரு பழைய 4 எண்ணை முழுசாக விற்றார். அதிலிருந்து கவையும் ஊசியும் அசல் திருகுகள் இரண்டும் எடுத்துக்கொண்டேன். இனி உதிரிபாகம் வேண்டுமென்றால் நான் இப்படித்தான் வாங்குவேன். செத்த இழைப்புளி ஒன்றில் நல்ல பாகங்கள் குறைந்தது பத்து இருக்கும், ஒன்றோடொன்று பொருந்துவதும் கண்ணெதிரே தெரியும். இரண்டு தகடுகளைச் சேர்த்து அடித்த கவை வந்தால் பயப்பட வேண்டாம், பிற்காலத்தில் அப்படியும் செய்தார்கள். ஆனால் பெட்ராக் (ஸ்டான்லியின் இன்னொரு வகை இழைப்புளி) ஃபிராக்கைப் பெய்லிக்கு என்று கொடுத்தால் வாங்காதீர்கள், அதன் அடிப்பக்கமே வேறு.

கெட்டுப்போன துளையை லேத் வேலை தெரிந்த நண்பர் பெரிதாக்கி, புஷ் என்னும் உலோக வளையம் வைத்து, உள்ளே 20 மரை போட்டுக் கொடுத்தார். துளைக்குள் மரை வெட்டும் டேப், அந்த அளவில் சாதாரண செட்டில் வராது, அதைத் தேடிப் பிடிக்கவே நாளாயிற்று. இப்போது இழைப்புளி ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது, ஃபிராக்கைக் கழற்றும்போது மட்டும் அந்தப் புதிய வளையம் கண்ணில் படும்.

எனக்குக் காட்டிய அதே படம் இன்றைக்கும் வேறு வேறு எண்களுக்குப் போட்டு விற்பனைக்கு இருக்கிறது. நீல விரிப்பு, சக்கரத்தின் இடதுபுறம் பிறை மாதிரி ஒரு கீறல். எனக்கு வந்த சக்கரத்தில் அந்தக் கீறல் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.