ஐபேடில் அட்டைப்படம், நோட்டில் என் படம்: புரோகிரியேட்டோடு சில வருடங்கள்

புரோகிரியேட்டை வரைகிற செயலி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சில வருடங்களாக என் சோறே அதில்தான் என்பதால் சொல்கிறேன், அது முதலில் திருத்துகிற செயலி, அப்புறம்தான் வரைகிற செயலி. புத்தக அட்டை, பத்திரிகைக் கதைக்குப் படம் என்று காசுக்கு வரைகிறவர்களுக்கு அது வரம். தனக்காக வரைய உட்காரும்போது அதே குணம் கையைக் கட்டிப்போடுகிறது. ஐபேட் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள், இந்த இரண்டில் எதற்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

காசு வேலையை முதலில் பார்க்கலாம். டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், ஜனவரி புத்தகக் காட்சிக்காகச் சென்னைப் பதிப்பகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அட்டை கேட்கும். நாவல் பிடிஎஃப்பாக வரும். நேரம் இருந்தால் பெரும்பாலும் படித்துவிடுவேன், இல்லாவிட்டால் முதல் இரண்டு அத்தியாயம், நடுவில் ஒன்று. கடைசி அத்தியாயத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுவேன், முடிவு தெரிந்துவிட்டால் கை தானாகப் போய் அதையே அட்டையில் வரைந்து வைத்துவிடும். அப்புறம் தீப்பெட்டி அளவில் நாலைந்து குட்டிப் படங்கள், வெறும் கறுப்பு, வெள்ளை, சாம்பல். அந்த அளவில் எடுபடாத அட்டை ஆன்லைன் கடையில் நகம் அளவுக்குச் சுருங்கித் தெரியும்போதும் எடுபடாது. பதிப்பாளர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வண்ணத்தைத் தொடுவேன்.

இதுவரைக்கும் காகிதத்திலேயே செய்யலாம். ஐபேட் தன் கூலிக்கு உழைப்பது இதற்குப் பிறகுதான். ஒரு அட்டையில், கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாள், அரக்குச் சிவப்புப் புடவை, சாய்ந்த மாலை வெயில். எல்லாம் முடிந்து அனுப்பிய பிறகு பதிப்பகத்திலிருந்து போன்: "தம்பி, எல்லாம் கம்ப்யூட்டர்லதான இருக்கு, அந்தம்மா புடவைய மட்டும் பச்சையாக்கிடுங்க, ரெண்டு நிமிஷ வேலைதானே?" புடவை இருக்கும் லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு) பச்சையாக்க ரெண்டு நிமிஷம்கூட வேண்டாம், உண்மைதான். ஆனால் அந்த வெயிலில் புடவையின் சிவப்பு அவருடைய தாடைக்கு அடியில், முழங்கையின் உள்பக்கத்தில், கிணற்றுச் சுவரின் சுண்ணாம்பில் எல்லாம் லேசாக ஏறியிருக்கிறது. புடவை பச்சை, தாடையில் சிவப்பு என்றால் ஆளை எங்கிருந்தோ வெட்டிக் கொண்டுவந்து ஒட்டினது போல இருக்கும். அதனால் இப்போதெல்லாம் இந்த எதிரொளியை ஒவ்வொரு உருவத்துக்கும் தனி லேயரில், கிளிப்பிங் மாஸ்க் (வண்ணம் கீழே இருக்கும் உருவத்தைத் தாண்டி வழியாமல் தடுக்கும் வசதி) போட்டு வைத்துவிடுகிறேன். நிறம் மாறினால் இரண்டு லேயரைத் தொட்டால் போதும்.

திருத்துவது சுலபமானால் திருத்தச் சொல்வதும் கூடும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போஸ்டர் கலரில் வரைந்து கொடுத்த காலத்தில் புடவை நிறத்தை மாற்றச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆகவே ஸ்கெட்ச் நிலையில் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுவேன், வண்ணம் போட்ட பிறகு இரண்டு திருத்தம் வரை இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் காசு என்று வேலை எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இதை எழுத ஆரம்பித்ததும் திருத்தங்கள் ஆச்சரியமான அளவில் குறைந்துவிட்டன.

சில குறைகள். புரோகிரியேட் முழுக்க பிக்சல் சமாசாரம், அதாவது படம் குட்டிக் குட்டிப் புள்ளிகளால் ஆனது, பெரிதாக்கினால் உடையும். டெமி அளவு அட்டை ஐந்தரை அங்குல அகலம், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1650 பிக்சல். அதே படத்தை ஸ்டாலுக்கு நாலடி அகல ஃபிளெக்ஸாகக் கேட்பார்கள், கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 34 பிக்சல்தான் வரும், கிட்டே நின்று பார்த்தால் கோடெல்லாம் படிக்கட்டு. இதற்காகவே 600 டிபிஐயில் தொடங்குகிறேன். ஆனால் கேன்வாஸ் பெரிதாக ஆக, கிடைக்கிற லேயர்கள் குறையும். ஏ4-ஐ ஏ3 ஆக்கினால் ஏறக்குறைய பாதி போய்விடும், நினைவகம் குறைந்த பழைய ஐபேடில் இது ரொம்பவே கடிக்கும். முன்பக்கம், முதுகு, பின்பக்கம் மூன்றையும் ஒரே கேன்வாஸில் வரைய நினைக்காதீர்கள். இன்னொன்று, அச்சுக்குப் போகிற படத்தை முதலிலேயே அச்சு மைக்கான நாலு நிறக் கணக்கான சிஎம்ஒய்கே கேன்வாஸில் திறந்துகொள்ளுங்கள். திரைக்கான நிறக் கணக்கான ஆர்ஜிபியில் தொடங்கிவிட்டுப் பாதியில் அதே கேன்வாஸை மாற்ற வழியில்லை, திரையில் ஜொலிக்கிற நீலமும் கிளிப்பச்சையும் ஆஃப்செட் அச்சில் அழுது வடியும்.

பெரிதாக்கிப் பார்க்கிற வியாதியும் உண்டு. இரண்டு விரலை விரித்தால் கண்ணிமை திரை முழுக்க வந்துவிடும், அப்புறம் ஒரு மணி நேரம் இமை மயிரோடு போராடிக்கொண்டிருப்போம், அச்சில் அது கடுகளவுகூடத் தெரியாது. ரெஃபரன்ஸ் ஜன்னலில் முழுக் கேன்வாஸும் ஓரமாகத் தெரியும்படி வைத்துக்கொண்டால் கொஞ்சம் அடங்கும்.

படம் வளர்ந்ததை வேகமாக ஓட்டிக் காட்டுகிற டைம்லாப்ஸ் பதிவை முன்பெல்லாம் விளம்பரத்துக்குத்தான் பயன்படுத்தினேன். இப்போது "ஏஐல போட்டதா?" என்று கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில். 2024 ஆகஸ்டில் தங்கள் செயலியில் ஜெனரேட்டிவ் ஏஐ சேர்க்க மாட்டோம் என்று புரோகிரியேட் நிறுவனமே அறிவித்தது, அந்த வகையில் எனக்கு நிம்மதி.

சரி, சொந்தப் படம். இதற்கு ஐபேடைத் தொடுவதே இல்லை. ஒரு காரணம் வெறும் நடைமுறை: 35 டிகிரி வரையிலான சூழலில்தான் ஐபேடைப் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள், சென்னையில் மே மாதம் 40-ஐத் தாண்டும். மயிலாப்பூர் குளக்கரையில் வெயிலில் வைத்து வரைந்தால் திரை மங்கும், கொஞ்ச நேரத்தில் சூடு எச்சரிக்கை வந்து நிற்கும். ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்ததற்குக் காகிதமும் பென்சிலும் மசியும் போதுமாயிருந்தது.

இன்னொரு காரணம் கோடு. ஓவியர் ஆதிமூலத்தின் கறுப்புவெள்ளைக் கோட்டோவியங்களைப் பாருங்கள், கோடு எங்கே திக்கியது, எங்கே மசி தீர்ந்து சொரசொரத்தது என்பதெல்லாம் அப்படியே கிடக்கும், படத்துக்கு உயிரே அங்கேதான். புரோகிரியேட்டில் கோட்டைத் தானாகச் சீராக்குகிற ஸ்ட்ரீம்லைன் என்ற வசதி அந்தத் திக்கலை வழித்தெடுத்துவிடுகிறது. அதை அணைத்து வைத்தாலும் இரண்டு விரலால் தட்டினால் கோடு போய்விடும் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறதே, ஒரே கோட்டைப் பத்து தடவை போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிரஷ் பேனாவும் மலிவான நோட்டும் இருந்தால் போட்ட கோட்டோடு குடும்பம் நடத்தித்தான் ஆக வேண்டும். கோணலாகப் போன தோளுக்கு ஏற்றபடி கழுத்தை வளைத்ததில், எந்தப் பதிப்பாளரும் கேட்டிருக்க முடியாத ஓர் உருவம் வந்து நிற்கும். அப்படி நோட்டில் வந்த முகங்களை ஸ்கேன் செய்து அட்டையில் சேர்த்ததும் உண்டு, எதிர்த்திசையில் ஒன்றும் போனதில்லை.

வாங்குகிறவர்களுக்கு: செயலிக்கு ஒரே தடவை காசு, மாத வாடகை இல்லை. காகிதம் போன்ற ஃபிலிம் ஒட்டினால் கைக்கு இதம், ஆனால் ஐபேடில் வரைகிற ஆப்பிள் பென்சிலின் முனை சீக்கிரம் தேயும், திரையின் கூர்மையும் கொஞ்சம் குறையும். செயலியை அழித்தால் உள்ளே இருக்கிற படங்களும் சேர்ந்து போய்விடும், அதனால் வேலை முடிந்த அன்றே பிஎஸ்டியாக (லேயர்கள் அப்படியே இருக்கும் போட்டோஷாப் கோப்பு) வெளியே எடுத்து வையுங்கள். பழைய ஐபேட் வாங்குவதாக இருந்தால், கூடக் கொடுக்கிற பென்சில் அதற்குப் பொருந்துமா என்று எழுதிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். 2018-க்குப் பிந்தைய ஐபேட் புரோ எதிலும் முதல் தலைமுறைப் பென்சில் வேலை செய்யாது.