4-ஆம் விசையில் ஒரு ரூபாய்

நான்கு ஆண்டுகளாக இந்த விசைப்பலகையில்தான் இரும்புக்கடைக் கணக்கு எழுதுகிறேன். பக்கத்துக் கடைத் தம்பி அதே மாதிரியை வாங்கிவந்து நேற்று கேட்டான்: "அண்ணே, 4-இல் ரூபாய்க் குறி போட்டிருக்கிறார்கள். ஷிஃப்ட்டோடு அழுத்தினால் டாலர் வருகிறது. ரூபாய் எப்படி வரும்?"

முதல் மாதம் முழுக்க நானும் இதே கேள்வியோடு அலைந்தவன். பெட்டிக்குள் இருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. விண்டோஸில் 'ஆங்கிலம் (அமெரிக்கா)' விசைப்பலகை இருக்கும்வரை எத்தனை தட்டினாலும் ரூபாய் வராது. 'ஆங்கிலம் (இந்தியா)' சேர்த்துக்கொண்டு, வலப்பக்க ஆல்ட்டை அழுத்தியபடி 4-ஐத் தட்ட வேண்டும். ₹ வந்து நிற்கும்.

2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்ற குறி இது. வரைந்தவர் நம் தமிழர் உதயகுமார். அதே ஆண்டு அக்டோபரில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துப் பட்டியலான யூனிகோடிலும் இடம் கிடைத்துவிட்டது. அதற்கு முன் சிலர் தனி எழுத்துரு ஒன்றை இறக்கி, எண் 1-க்கு இடப்புறம் உள்ள விசையில் ரூபாயைத் தட்டினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த விலைப்பட்டியலைத் திறந்தால், தொகைக்கு முன்னால் ஒரு சிறு கீற்றுதான் தெரியும்.

திரையில் வந்தாலும் தாளில் வர வேண்டுமே! எங்கள் பழைய பில் இயந்திரத்துக்கு இந்தக் குறி தெரியாது. '?450' என்று அடித்துக் கொடுத்தது. ஒரு பெரியவர் அந்தக் கேள்விக்குறியில் விரலை வைத்து, "விலை இன்னும் முடிவாகவில்லையா தம்பி?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து பில்லில் 'ரூ.450', கடிதத்திலும் கணக்கேட்டிலும் '₹450'. ரூ. போட்டால் புள்ளி வேண்டும், ₹-க்கு வேண்டாம். இரண்டையும் சேர்த்து 'ரூ.₹450' என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. லட்சத்தை 1,00,000 என்று நம் முறையில் பிரிக்காமல் 100,000 என்று எழுதினாலும் அப்படித்தான்.

நியாயமாகச் சொன்னால் விசைப்பலகையில் குறையே இல்லை. நாள் முழுக்கத் தட்டியும் ஒரு விசைகூடச் சிக்கவில்லை, 4-இல் உள்ள ரூபாய் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. பில் இயந்திரத்தின் குறைக்கு இது என்ன செய்யும்? ஆனால் நம் நாட்டுக் குறியை விசையில் அச்சிட்டு விற்கிறவர், அதை வரவழைக்கும் வழியை ஒரு வரி எழுதக் கூடாதா? தம்பியிடம் சொல்லிவிட்டேன்: கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் இன்றைக்கே கொடுத்துவிடு.