சர்வீஸ் முடிந்து வந்த ஏர் ரைஃபிளை அப்படியே நம்பிச் சுடாதீர்கள்

குழலை மடக்கிக் காக் செய்யும் (ஸ்பிரிங்கை அமுக்கிச் சுடத் தயாராக்கும்) ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை. ஒரு ரைஃபிளைச் சர்வீஸுக்குக் கொடுத்தபோது சொன்ன குறை இரண்டே இரண்டு: மடக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம், குழலில் பக்கவாட்டில் லேசான ஆட்டம். திரும்பி வந்தபோது பில்லில் நான்கு வேலைகள் எழுதியிருந்தன: புது ஸ்பிரிங், புது பிஸ்டன் சீல் (காற்றை அழுத்தும் பிஸ்டனின் முனையில் காற்று கசியாமல் தடுக்கும் அடைப்பு), ட்ரிகர் டியூனிங், பிவட் (குழல் மடங்கும் அச்சு) சரிசெய்தல். பிரித்துப் பார்த்தால் நான்கில் ஒன்றுகூட ஒழுங்காக நடக்கவில்லை. அதில் ஒன்று விரலைத் துண்டிக்கும் அளவுக்கு ஆபத்தானது.

ஸ்பிரிங் உண்மையிலேயே புதிதுதான். ஆனால் இந்த ரைஃபிளுக்கு உரியது அல்ல. பழையது 3 மி.மீ. கம்பியில் 29 சுற்று; முழுக்க அமுங்கினால் 87 மி.மீ. புதியது 3.2 மி.மீ. கம்பியில் 33 சுற்று. அமுங்கிய நீளம் 105.6 மி.மீ. காக் ஆகி நிற்கும்போது ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் இடம் 107 மி.மீ. தப்பில்லையே என்று தோன்றும். ஆனால் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தி, ட்ரிகரை இழுத்ததும் விடுவிக்கும் சியர் கொக்கி விழ, பிஸ்டன் அந்த நிலையைத் தாண்டி இன்னும் ஒன்றரை மி.மீ. பின்னால் போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி ஸ்பிரிங் கட்டையாகிவிடுகிறது. அதன்பின் கையால் இழுக்கும் பலம் முழுவதும் குழலையும் பிஸ்டனையும் இணைக்கும் காக்கிங் லிங்க்கின் மேலும் பிவட்டின் மேலும்தான் இறங்கும். லிங்க் வளைவதும், அதன் நுனியிலுள்ள ஷூ குழாயின் பள்ளத்தைச் சுரண்டுவதும் இப்படித்தான் தொடங்குகின்றன. கம்பியின் தடிமனைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. அதைக்கூடச் செய்யாமல் "பவர் கூடும்" என்று மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

அடுத்து நடந்ததுதான் மன்னிக்க முடியாதது. கொக்கி விழவில்லை என்றதும் ஸ்பிரிங்கை மாற்றாமல், சீக்கிரமே விழட்டும் என்று சியரின் பிடிமுகத்தை அரத்தால் ராவிவிட்டார்கள். பில்லில் இருந்த "ட்ரிகர் டியூனிங்" இதுதான். சியருக்கும் பிஸ்டன் தண்டுக்கும் மேற்பரப்பில் மட்டும் மெல்லிய கடினப் படலம் இருக்கும். உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. படலத்தை ராவி எடுத்துவிட்டால் ஒவ்வொரு சுடுதலிலும் விளிம்பு மழுங்கிக்கொண்டே போகும். முதல் சில நாள் ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும், எல்லோரும் பாராட்டுவார்கள். பிறகு ஒருநாள் குழல் மடங்கியிருக்க, பெல்லட் வைக்கக் கட்டைவிரல் உள்ளே இருக்க, சியர் வழுக்கும். குழல் அறைந்து மூடும். விரல் நடுவில் இருந்தால் விரல் போகும். இல்லாவிட்டாலும் குழல் மேல்நோக்கி வளைந்துவிடும். குழல் திறந்திருக்கும்போது ட்ரிகரைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பல வடிவமைப்புகளில் அது ட்ரிகரை இழுப்பதைத்தான் தடுக்கும், தேய்ந்த சியர் தானாக வழுக்குவதை அல்ல. அதனால்தான் எந்த ரைஃபிளாக இருந்தாலும், மடக்கியதிலிருந்து மூடும்வரை ஒரு கை குழலை இறுகப் பிடித்தே இருக்க வேண்டும்.

சீல் மாற்றவே இல்லை. விளிம்பு கருகிய பழைய சீல்தான் உள்ளே இருந்தது. காற்றுப்போகும் துளை வழியாகச் சாதாரண இயந்திர எண்ணெயைப் பீய்ச்சியிருக்கிறார்கள். பிஸ்டன் அழுத்தும்போது காற்று சூடேறி அந்த எண்ணெய் பற்றிக்கொள்கிறது: டீசல் இன்ஜின் வேலை செய்யும் அதே முறை. அதனால் பலத்த வெடிச்சத்தம், புகை, தாறுமாறான வேகம். வாங்கும் இடத்தில் சுட்டுக்காட்டினால் "பார்த்தீர்களா பவரை" என்பார்கள். எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் வேகம் பழையபடி விழும், சீல் இன்னும் கருகியிருக்கும். அழுத்தும் அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் போகவே கூடாது. மாலிப்டினம் கிரீஸ் வேண்டிய இடங்கள் பிஸ்டனின் பின்விளிம்பு, ஸ்பிரிங் கைடு (ஸ்பிரிங்கின் உள்ளே நிற்கும் தண்டு), காக்கிங் ஷூ, பிவட். அதுவும் மெல்லிய பூச்சாக. முதலில் சொன்ன கிறீச் சத்தத்துக்கு ஷூவிலும் பிவட்டிலும் இந்தப் பூச்சு மட்டுமே போதுமாக இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பிவட் போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கி, பூட்டுத் திருகைப் போடாமலே விட்டிருந்தார்கள். சில மடக்கல்களில் அது தளர்ந்து பழைய ஆட்டம் திரும்பிவிட்டது. சரியாக இறுக்கிய பிவட்டுக்கு அடையாளம் உண்டு: காக் செய்தபின், கையை விலக்காமல் பிடியை மட்டும் தளர்த்தினால் குழல் தன் எடையால் கீழே சரியாது, வைத்த கோணத்தில் நிற்கும். போல்ட்டுக்குப் பதில் வெறும் பின் உள்ள மாடல்களில் இறுக்க வழியில்லை; 0.1 அல்லது 0.2 மி.மீ. ஷிம் வாஷர் போட்டுத்தான் ஆட்டத்தை எடுக்க வேண்டும்.

சர்வீஸிலிருந்து வந்ததும் முதலில் மெதுவாக ஒருமுறை காக் செய்யுங்கள். பாரம் சீராக ஏறி க்ளிக் என்று விழ வேண்டும். க்ளிக்குக்குச் சற்று முன் சுவரில் முட்டியது போல் நின்றால் ஸ்பிரிங் நீளம். பலங்கொண்டு இழுக்காதீர்கள், மெல்ல முன்னுக்கு விட்டுவிடுங்கள். கொக்கி விழுந்தால் பெல்லட் போட்டு மூடி, உறுதியான தடுப்பை நோக்கிப் பிடித்து, சேஃப்டியை எடுத்துவிட்டு, கட்டையின் பின்பக்கத்தை ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். தானாக வெடித்தால் சியர் கெட்டிருக்கிறது. பெல்லட் இல்லாமல் இந்தச் சோதனை வேண்டாம். காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் முன்சுவரில் மோதினால் சீலும் ஸ்பிரிங்கும் அடிபடும். குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் பத்துச் சுடுதல்களைப் பாருங்கள். நன்றாக அமைந்த ரைஃபிளில் வேக வித்தியாசம் நொடிக்கு 5 மீட்டர் அளவில் அடங்கும். முதலில் மிக அதிகமாக இருந்து இறங்கிக்கொண்டே போனால் உள்ளே எண்ணெய் எரிகிறது.

உள்ளே பார்க்க நீங்களே பிரிக்க நினைத்தால், காக் செய்யாத நிலையிலும் ஸ்பிரிங் சில செ.மீ. அமுங்கியே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் பின்னைத் தட்டினால் பின்மூடி முகத்தை நோக்கிப் பாயும்.

கொடுக்கும்போதே பழைய ஸ்பிரிங்கும் சீலும் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். புது ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனும் சுற்றுகளும் பில்லில் இருக்கட்டும். சியரை ராவ ஒப்புக்கொள்ளாதீர்கள். தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், தண்டின் பள்ளமும் தேய்ந்திருந்தால் பிஸ்டனையும் சேர்த்து. மேலே சொன்ன ரைஃபிளுக்கு இப்போது இரண்டுமே தேவைப்படுகின்றன.